அடுத்த வருஷத்துப் பிள்ளை

காலண்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வருஷம் என்று ஒன்று கிடையாது, சிவகாசியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊர் உலகமெல்லாம் ஆடிக் காற்றில் கண்ணில் மண் விழுந்து கசக்கிக்கொண்டு நிற்கும்போது அவர்கள் அடுத்த தைப்பொங்கலுக்குச் சிவப்பு மை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு மாதிரிக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால் அடுத்த வருஷத்து அமாவாசையும் கரிநாளும் அச்சாகி, அறுபட்டு, தகரம் அடித்து அவர்கள் கைக்கு வந்துவிடும். இந்த வருஷம் என்பது யார் வீட்டுச் சுவரிலோ பாதி கிழிந்து தொங்குகிற பழைய சரக்கு. அப்படிப்பட்ட ஆபீஸ் ஒன்றில் கட்டிங் மிஷின் ஓட்டுகிற சோலைராஜ், தன் மனைவி மாரீஸ்வரியின் வயிற்றிலிருந்த தலைச்சன் பிள்ளையிடம், இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் வா என்று சொன்னான். பிள்ளையும் சரியென்று இருந்துவிட்டது.

சொன்னதில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை, அதுதான் பாவம். தலைப்பிரசவம் தாய் வீட்டுச் செலவு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவனுடைய அக்கா அப்படி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவன் அப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத்தான் பிரசவம் பார்த்தார், தொட்டில் சீர் செய்தார், அப்படிச் செய்தும் கொலுசு எடை பத்தவில்லை என்று சம்பந்தி வீட்டார் நாலு பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை நினைத்து நினைத்துச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார், சாகிற வரைக்கும் அப்படித்தான் எழுந்து போனார். அந்த எச்சில் தட்டைக் கழுவிப்போட்டவன் சோலைராஜ். நமக்கென்று ஒரு மாமனார் வந்தால் அவரை அந்தக் கதிக்கு ஆளாக்குவதில்லை, என் பிள்ளை என் காசில்தான் பிறக்கும் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே முடிவு கட்டிவைத்திருந்தான்.

வந்த மாமனாரோ குருவையா. சாத்தூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் சேவுக்கடை வைத்திருந்தார், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று நின்று புருவமே இல்லாமல் போனவர். பெண்டாட்டி போனபிறகு இன்னொருத்தியைக் கொண்டு வராமல் மகளுக்குத் தலைவாரிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டவர். வளைகாப்பு முடிந்த கையோடு, கண்ணாடி வளையல் குலுங்க உட்கார்ந்திருந்த மகளைக் கூட்டிப்போக வாடகை வேன் பிடித்து வந்திருந்தார்.

"பிள்ளைய அனுப்பி வைங்க மாப்ள. ரூமுக்கு வெள்ளையடிச்சிட்டேன். பெத்தவளுக்குக் குடுக்கிற மருந்துகூட கேட்டுக் கேட்டு நானே இடிச்சுக் கிண்டி வச்சிருக்கேன்" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு மாமா செரமம். செலவு எம்பொறுப்பு. நான் சேத்துக்கிட்டிருக்கேன், நானே பாத்துக்கிடுறேன்."

"நானும் இதுக்குச் செலவழிக்கத்தான மாப்ள இத்தன வருசமா சேத்தேன்."

"வேண்டாம் மாமா. எங்கப்பா பட்டதை நீங்க பட வேண்டாம்."

பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாகத்தான் அவன் நினைத்தான். வேன் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள், வேன் காலியாகத் திரும்பிப் போனது.

சேர்ப்பதில் அவன் சூரன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பைக்கை விற்றுவிட்டு சைக்கிளுக்கு வந்தான், ஆபீஸில் சாயங்கால டீயை விட்டான், ஞாயிற்றுக்கிழமை கறியை விட்டான், தீபாவளிக்குச் சட்டை எடுக்கவில்லை, எதிர்வீட்டு லூர்தம்மா பிடிக்கிற சீட்டில் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்தான். அவ்வளவு செய்தும் ஒன்பதாம் மாசக் கடைசியில் பார்த்தால் எட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாரீஸ்வரி சுவரில் சாய்ந்து கால் நீட்டி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கையில், அவன் பக்கத்தில் வந்து குனிந்து வயிற்றுக்குள்ளிருப்பதோடு ஆபீஸ் தோரணையில் பேசினான்.

"இங்க பாரு தாயி. அப்பா இன்னும் ரெடியாகல. சீட்டு தைக்குத்தான் விழும். வந்தா நீ நல்லா வரணும், கடன்ல வரக்கூடாது. அடுத்த வருசம் வா, என்ன?"

"அதுகிட்டப் போய் ஏன் இதெல்லாம் சொல்றீங்க" என்றாள் மாரீஸ்வரி. அதற்குள் அது உள்ளே ஒருதரம் திரும்பி, போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற மாதிரி வாகாகப் படுத்துக்கொண்டதை அவள் கை உணர்ந்தது.

நாள் வந்தது, நாள் போனது. வலி வரவில்லை. அந்தத் தெருவுக்கு வருகிற நர்ஸம்மா வயிற்றில் காதுக்குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "பிள்ளை அருமையா இருக்கு. வர்றதுக்குத்தான் மனசில்ல" என்றார். மதுரையிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே பிள்ளை பேங்க்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. அறுத்து எடுத்துவிடலாமா என்று அவர்கள் யோசிக்க, நல்லா இருக்கிறதை எதுக்கு அறுக்கணும், சொன்ன தவணைக்கு அது வரும் என்று நர்ஸம்மா தடுத்துவிட்டு, மாசாமாசம் எடை எழுதுகிற கட்டங்கள் தீர்ந்துபோன பழைய கார்டோடு புது கார்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்.

தெரு முதல் மாசம் பேசியது, இரண்டாம் மாசம் கொஞ்சம் பேசியது, அதற்கப்புறம் தெருவுக்கு வேறு வேலை இருந்தது. பேச்சு வந்ததெல்லாம் குழாயடியில்தான். தண்ணீர் எப்போதாவது வருகிற ஊர், தலைக்கு இத்தனை குடம் என்று பங்கு வைத்துப் பிடிக்கிற தெரு. மாரீஸ்வரி வீட்டுக்கு இரண்டு தலையா மூன்று தலையா என்று ஒரு வழக்கு எழுந்து, உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் தாகம் தாகம்தானே என்று ஒரு கட்சியும், குளிக்காத பிள்ளைக்கு என்னத்துக்கு முழுப்பங்கு என்று ஒரு கட்சியுமாக மல்லுக்கட்டி, கடைசியில் அரைத்தலை என்று தீர்ப்பானது. ரேஷன் கடையில் அவளுக்கு நிரந்தரமாக முன்னிடம். பஸ்ஸில் கண்டக்டர்கள், எழுந்திருங்கப்பா, காலண்டர்காரர் வீட்டம்மா வாராக என்பார்கள். கூடவே உண்டான பிள்ளைகளெல்லாம் பிறந்து, மொட்டையடித்து, காது குத்தி, புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகும்போது அவள் வயிற்றுக்கு நேரே நின்று டாட்டா காட்டிவிட்டுப் போயின. புதுசாகக் கல்யாணமான பையன்கள் சிலர் சோலைராஜிடம் வந்து, எந்த வார்த்தை சொன்னீங்க அண்ணாச்சி, எந்தக் கிழமை சொன்னீங்க என்று விசாரித்துப்போய்த் தங்கள் வீட்டிலும் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, பத்தாம் மாசம் வீறிட்டுக்கொண்டு வந்து இறங்கின. அவுக வீட்டுப் பிள்ளை வளர்ப்பே தனி என்று லூர்தம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். முதலாளி அவனைக் கூப்பிட்டு, சிக்கனம்னா இதுய்யா என்று தட்டிக் கொடுத்தார்.

வயிற்றுப்பிள்ளைக்காரி இழவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்கிற வழக்கத்தை மட்டும் தெரு விட்டுக்கொடுக்கவில்லை. தெருவில் யார் போய்ச் சேர்ந்தாலும் மற்றப் பெண்களெல்லாம் போய்க் கட்டிப்பிடித்து அழ, அவள் மட்டும் தன் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து அழுதாள். அதற்கும் எல்லோரும் பழகிப்போனார்கள்.

குருவையா மட்டும் பழகவில்லை. அமாவாசைக்கு அமாவாசை சேவுக்கடைக்கு லீவு விட்டுவிட்டு, ஒரு கையில் எண்ணெய் ஊறின சேவுப் பொட்டலமும், மறுகையில் மகள் கையில் உடைந்துபோன வளையல்களுக்குப் பதில் புது வளையலுமாக பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுப்பார், மகளுக்கல்ல. உள்ளே வந்து அவள் வயிற்றுக்கு நேரே குனிந்து, "என்ன தாயி, வாரியா?" என்பார். உள்ளிருந்து ஒரு உதை வரும், வளையல் குலுங்கும், கிழவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். அப்புறம் மருமகனைத் திரும்பிப் பார்ப்பார். கேட்கமாட்டார், சும்மா பார்ப்பார்.

"அடுத்த வருசம் மாமா" என்பான் சோலைராஜ்.

"சரி மாப்ள" என்று போவார். போய் வெள்ளையடித்த ரூமுக்கு மறுபடி வெள்ளையடிப்பார். கார்த்திகை பிறந்தால் போன வருஷத்து மருந்தைக் கொட்டிவிட்டு, சுக்கும் மிளகும் கண்டந்திப்பிலியும் புதுசாக வாங்கி இடித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டி எவர்சில்வர் டப்பாவில் அடைத்துவைப்பார். மருந்து கெட்டுப்போனால் பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் வராமலா இருந்தது? வந்தது, தையில் சீட்டும் விழுந்தது. ஆனால் பிரசவச் செலவுக்கு என்று எடுத்துவைத்தபிறகு தொட்டிலுக்கு, தொட்டிலுக்கு எடுத்துவைத்தபிறகு பாலைக் கெடாமல் வைக்க ஒரு ஃபிரிட்ஜுக்கு, வாடகை வீட்டுச் சுவர் ஈரம் பிள்ளைக்குச் சளி பிடிக்குமே, ஒத்திக்கு ஒரு வீடு, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே கட்டச் சொல்கிறார்களாமே என்று அவன் மனசு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் அதற்காகத்தான், தனக்கென்று ஒரு கைலிகூட அவன் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் புது ஆல்பத்தைக் கொண்டுவந்து வயிற்றுக்கு முன்னால் பிரித்து, இந்தா பாரு, இந்த மாசம் வா என்று தேதியைத் தொட்டுக் காட்டுவான், அந்தத் தேதி நெருங்கும்போது இன்னும் ஒன்று மிச்சமிருக்கும்.

"நானும் தெனம் கூப்பிடுறேன். என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றாள் மாரீஸ்வரி ஒருநாள். அம்மா பேச்சைக் கேட்காத பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு, இதுவும் அந்த வகை. "நீங்க சொன்னாத்தான் வரும். சொல்லுங்க. எனக்கு முதுகு விட்டுப்போச்சு, குப்புறப் படுத்து எத்தன வருசமாச்சு தெரியுமா? எங்கப்பா வந்து வந்து போறாரு. எனக்கு அவர் வீட்டுல போய்ப் படுத்துக்கிடணும்."

"இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்சம்தான். ஒண்ணுமே இல்லாத வீட்டுல வந்து அது கஷ்டப்படணுமா?"

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள், அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

பிறகு ஒரு அமாவாசைக்குக் குருவையா வரவில்லை. அடுத்ததற்கு வந்தார், சட்டை அவர் மேல் ஆணியில் மாட்டினது போல் தொங்கியது. செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பொட்டலத்தை மகளிடம் கொடுத்து, வளையலைத் தானே அவள் கையில் ஏற்றிவிட்டு, குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்து வயிற்றுக்கு நேராக முகத்தை வைத்து, "என்ன தாயி, வாரியா?" என்றார். உதை வந்தது. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பஸ் ஏற்றிவிட சோலைராஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட நடந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"மாப்ள, இந்த வருசமே வரச்சொல்லிருங்களேன்."

சோலைராஜ் நின்றான். அந்த ஒரு நொடியில் சரி என்கிற சொல் அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சைக்கிள் கேரியரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் கட்டு இருந்தது, தையில் கடைசிச் சீட்டு விழுகிறது, அதோடு ஒத்தி வீடு முடிந்துவிடும், பாதிக் கிணறு தாண்டினவன் மாதிரி அவன் இருந்தான். தைக்கு என்ன, கண்ணை மூடித் திறந்தால் தை.

"தை வரைக்கும் மாமா. தையில கூட்டிட்டு வந்து உங்க வீட்டுலயே விடுறேன். நீங்களே பாருங்க பிரசவம்."

கிழவர் அவன் முகத்தைப் பார்த்தார். "நெசமாவா மாப்ள" என்று சிரித்தார். "அப்ப மருந்த இந்தத் தடவ கொஞ்சம் கூடவே கிண்டுறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மார்கழியில் ஒரு காலை, தெருவெல்லாம் கோலம் போட்டுக்கொண்டிருந்த வேளையில், சாத்தூர்ப் பக்கமிருந்து போன் வந்தது. சேவுக்கடை அடுப்பைப் பற்றவைக்க எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள், வரவேண்டியவர்கள் வந்துவிடுங்கள்.

மாரீஸ்வரி சேலையைக்கூட மாற்றாமல் வாசல் இறங்கினாள். தெருப் பெண்கள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள், அடிக்கவோ பிடிக்கவோ இல்லை, தோளைத் தடவி, கையைப் பிடித்து, அழுதுகொண்டேதான் மறித்தார்கள். "வயித்துப்பிள்ளையோட இழவு வீட்டுக்குப் போகக்கூடாதுத்தா. பெத்த அப்பனே ஆனாலும் ஆகாதுத்தா" என்றாள் லூர்தம்மா.

"அப்ப இத யாராவது எறக்கி வைங்க" என்றாள் மாரீஸ்வரி.

சொல்லிவிட்டு அவள் சோலைராஜைத்தான் பார்த்தாள். தெரு முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் ஈரக் கோலத்தின் மேலேயே முட்டி போட்டு, அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, "தாயி, வந்திரு. அப்பா ரெடி. எல்லாம் ரெடி. எப்பவோ ரெடி தாயி. இப்பவே வந்திரு" என்று கேவினான்.

அது ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. இத்தனை வருஷமும் பெட்டியைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருந்த பிள்ளை, சொன்னதும் எழுந்துவிட்டது. பக்கத்துத் தெரு ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், உச்சிப்பொழுதுக்குள் சுகப்பிரசவம், பெண் குழந்தை. காசு கேட்கிற ஆஸ்பத்திரி இல்லை அது. ஆட்டோக்காரர்கூட, சாவும் பிறப்பும் ஒரே நாள்ல வந்திருக்கு, உங்ககிட்ட வாங்குவேனாய்யா என்று போய்விட்டார். அத்தனை வருஷம் சேர்த்ததிலிருந்து அந்தப் பிரசவத்துக்கு ஒரு பைசா செலவாகவில்லை.

"இப்பக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் மாரீஸ்வரி, பிள்ளையைத் தூக்கிக் காட்டினபோது.

கூடவே வந்திருந்த நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். பச்சை உடம்புக்காரி எழுந்து நிற்கவே கூடாது. அதையும் மீறிப் போனாலும், தீட்டு கழியாமல் பிள்ளை பெற்றவளை இழவு வீட்டில் எவரும் உள்ளே விடமாட்டார்கள். காலையில் வயிற்றில் இருந்ததால் ஆகாது, மத்தியானம் வயிற்றில் இல்லாததால் ஆகாது. சோலைராஜ் போன் போட்டுக் கெஞ்சினான், நாளைவரை வைத்திருங்கள் என்றான். அடைமழை இருட்டிக்கொண்டு வருகிறது, எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. மாரீஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், அன்று முழுக்க அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பிறந்தபோது பிள்ளை அழவில்லை. நர்ஸம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தார், அது கண்ணை மட்டும் திறந்து, அறையில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. யாரையோ காணோம் என்கிற மாதிரி கதவுப்பக்கம் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டது.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். கார்த்திகையில் கிண்டின மருந்து, வழக்கத்தைவிடக் கூடவே இருந்தது. மாரீஸ்வரி காலையில் எழுந்ததும் ஒரு விரல் தோண்டி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, கரைகிறவரைக்கும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். சோலைராஜ் அந்த நேரத்தில் வீட்டுக்குள் நிற்க முடியாமல் வாசலுக்குப் போய்விடுவான். டப்பா தீர்ந்த அன்று அவள் அதைக் கழுவிக் கவிழ்த்தாள், அந்தச் சத்தத்தை அவன் வாசலிலிருந்தே கேட்டான்.

ஒத்தி வீடு வந்தது, தொட்டில் வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது. குருவம்மா என்று பேர் வைத்தார்கள். தெருவில் அந்தப் பிள்ளையைப்போல் ஒரு பிள்ளை கிடையாது என்று எல்லோரும் மெச்சினார்கள். பசித்தால் அழாது, அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தேரோட்டத்தில் பலூன்காரன் முன்னால் நிறுத்தி எது வேணும் என்று கேட்டால், இருக்கட்டும்ப்பா, பெறகு வாங்கிக்கிடலாம் என்று சொல்லும். இவ்வளவு பணமும் உனக்குத்தான் தாயி, ஏதாவது கேளேன், அடம் பிடியேன் என்று அவன் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தான். அந்த ஒன்றில் மட்டும் அவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

ஒரு ஆடி அமாவாசை. சோலைராஜ் மாமனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, பொழுது ஏறி, கையில் புது ஆல்பத்தோடு வந்தான். குருவம்மா வாசற்படியில் உட்கார்ந்து, பஸ் வந்து நிற்கிற திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன அமாவாசைக்கும் அவள் அங்கேதான் இருந்தாள் என்பதும், அதற்கு முந்தினதற்கும் அங்கேதான் இருந்தாள் என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"யாருக்குத் தாயி உக்காந்திருக்க?"

"தாத்தாவுக்கு."

"தாத்தாவ நீ பாத்ததே இல்லையே."

"வாரியான்னு கேப்பாருல்ல" என்றாள் குழந்தை. "வந்துட்டேன்னு சொல்லணும்."

சொல்லாமல் மறைக்க அவனுக்கு இனி தைரியம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா வர மாட்டாருத்தா" என்றான். "இனிமே வர மாட்டாரு. அப்பாதான் தப்புப் பண்ணிட்டேன்."

குருவம்மா அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு அவன் மடியிலிருந்த ஆல்பத்தைப் பிரித்து, ஏதோ ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினாள்.

"பரவாயில்லப்பா. அடுத்த வருசம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.